பாட்ஸி ரோவின் கல்லறை

என் தம்பி லோர்க்கனுக்கு ஆண்டவர் வாயைக் கொடுத்தது புல்லாங்குழல் ஊதுவதற்கு மட்டும்தான் என்று நான் வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். இவனுக்கு வாய் இருந்தும் இல்லாத கணக்கு. மாட்டோடு பேசுவான், நாயோடு பேசுவான். பெண்களில் என்னோடு மட்டும் பேசுவான், அதுவும் “சூப்புல உப்பு ஜாஸ்தி” என்கிற அளவுக்கு. அவனுக்கு வயது ஐம்பத்தாறு. நான் நாலு வருஷம் மூத்தவள். அவனை இடுப்பில் தூக்கி வளர்த்த உரிமையில் திட்டுகிறேன், வேறு யாராவது திட்டினால் எனக்குப் பொறுக்காது.

கில்டெரா நாற்சந்தியில் இருக்கும் பப் எங்களுடையது. நான் நடத்துகிறேன். பின்பக்கத்துப் பண்ணையை லோர்க்கன் பார்த்துக்கொள்கிறான். ஒவ்வொரு மே மாதமும் முதல் வாரக் கடைசியில் எங்களிடம் இசை. வெள்ளி சாயங்காலம் தொடங்கி ஞாயிறு மத்தியானம் வரை ஓடும். மேடை கிடையாது, மைக் கிடையாது, டிக்கெட் கிடையாது. கணப்புக்குப் பக்கத்து மூலையில் ஒரு மேஜை, சுற்றிலும் நாற்காலிகள், அவ்வளவுதான். வந்தவர்கள் உட்கார்ந்து வாசிப்பார்கள். மற்றவர்கள் குடித்துக்கொண்டே கேட்பார்கள். கேட்காதவர்கள் கன்றுக்குட்டி விலையைப் பற்றிச் சண்டை போடுவார்கள். யாருக்கு எந்த நாற்காலி என்று எங்கேயும் எழுதி வைக்கவில்லை. தெரியாமல் இன்னொருவர் இடத்தில் உட்கார்ந்து பாருங்கள், ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள், ஆனால் இரண்டு மெட்டு முடிவதற்குள் நீங்களாகவே எழுந்துவிடுவீர்கள்.

சுவரோரம் லோர்க்கன். அவனுக்கு இடப்பக்கம் எத்னா. லிமெரிக் நகரத்தில் பள்ளிக்கூட ஆசிரியை, பிடில் வாசிப்பவள். புருஷன் டெனிஸ் இறந்து இரண்டு வருஷம் கழித்து முதல் தடவை வந்தாள். இந்த மே மாதத்தோடு ஒன்பது தடவை ஆகிறது. ஒன்பது வருஷமும் அதே இரண்டு நாற்காலி. ஒன்பது வருஷமும் அவர்கள் என்ன பேசிக்கொண்டார்கள் என்று கேளுங்கள், சொல்கிறேன். “அடுத்தது என்ன?” என்பாள் அவள். “ஜி-யிலா, டி-யிலா?” என்று சுருதி கேட்பான் இவன். முடிந்தது. அவள் வாசிக்கும்போது இவன் முகத்தைப் பார்த்தால் குருடனுக்கும் விஷயம் விளங்கும். ஆனால் அவள் வாசிக்கும்போது கண்ணை மூடிக்கொள்கிறவள்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாக ஒரு மெட்டுப் போட்டவன் “இது நான் போட்டது” என்று சொல்ல மாட்டான். சொன்னால், தன் பிள்ளையைத் தானே அழகு என்று வீடு வீடாகப் போய்ச் சொல்கிறவனைப் பார்க்கிற மாதிரி பார்ப்பார்கள். சும்மா நாலு பழைய மெட்டுக்கு நடுவில் வாசித்து வைப்பான். யாராவது கேட்டால், எங்கேயோ கேட்டது, ஒரு கிழவரிடம் பிடித்தது என்பான். கேட்டவருக்கு உடனே புரிந்துவிடும், மேலே கேட்க மாட்டார். நாலைந்து வருஷம் போய் மெட்டு நிலைத்துவிட்டால் யாராவது கண்ணைச் சிமிட்டி, “அது அவனோடதுதான்” என்பார். தெரிந்தவர்கள் அவன் சொல்வதற்கு முன்னால் போட்டு உடைக்கவும் கூடாது. இதுதான் முறை. நல்ல முறைதான், கேட்கிறவள் வெளியூர் ஆசிரியையாக இல்லாத வரைக்கும்.

லோர்க்கன் அந்த மெட்டைப் போட்டது எனக்குத் தெரியும். எத்னா மூன்றாம் தடவை வந்துவிட்டுப் போன திங்கட்கிழமை, மாட்டுக் கொட்டகையிலிருந்து ஒரு சீழ்க்கைச் சத்தம் வந்தது. நாலே நாலு ஸ்வரம், திரும்பத் திரும்ப. முதல் பாதி வந்துவிட்டது, இரண்டாம் பாதி வரவில்லை. பத்து நாள் சரியாகச் சாப்பிடாமல், பல்வலிக்காரன் போலத் திரிந்தான். பதினோராம் நாள் என் அறைச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து முழுசாகக் கேட்டேன். ஒரு ஜிக்தான், ஆடுவதற்கான மெட்டுத்தான். ஆனால் அதைக் கேட்டுக்கொண்டு ஆட முடியாது. நான் துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தவள் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன்.

அடுத்த மே மாதம், சனிக்கிழமை மத்தியானம், அதை நடுவில் நுழைத்து வாசித்தான். எத்னா வில்லைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினாள்.

“இது என்ன மெட்டு லோர்க்கன்? நான் கேட்டதே இல்லையே.”

“பழசு.”

“யார்கிட்ட கத்துக்கிட்டீங்க?”

“ஒரு கிழவர்.”

எங்கள் ஊர்க்காரியாக இருந்தால் இத்தோடு தலையை ஆட்டியிருப்பாள். இவள் பையிலிருந்து நோட்டை எடுத்தாள். பேனாவையும் எடுத்தாள்.

“எந்த ஊர்?”

“மலைக்கு அந்தப் பக்கம்.”

“பேரு?”

லோர்க்கன் என்னைப் பார்த்தான். நான் என்ன செய்ய? கையில் நாலு கிளாஸ் நுரை தளும்பிக்கொண்டிருக்கிறது.

“பாட்ஸி,” என்றான்.

“பாட்ஸி என்ன?”

“ரோ.”

“இப்ப இருக்காரா?”

“செத்துட்டார்.”

ஒரே மூச்சில் ஒரு மனுஷனைப் பெற்று, பெயர் வைத்து, அடக்கமும் செய்துவிட்டான் என் தம்பி. அன்றைக்கு நான் சமையலறைக்குள் ஓடி, வாயில் துணியை அடைத்துக்கொண்டு சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது.

எத்னா அந்த மெட்டைத் தன் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தாள். பிள்ளைகள் ஒரு போட்டியில் வாசித்தார்கள். ஒலிபெருக்கியில் “பாட்ஸி ரோவின் ஜிக்” என்று அறிவித்தார்களாம். அடுத்த மே மாதம் கார்க் நகரத்திலிருந்து வந்த ஆள் அதை எங்களுக்கே வாசித்துக் காட்டி, “இது உங்க பக்கத்து மெட்டு, தெரியுமா?” என்று கேட்டார். லோர்க்கன் தெரியும் என்று தலையை மட்டும் ஆட்டினான்.

இத்தோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. ஃபெஸ்டி சேர்ந்துகொண்டார். ஃபெஸ்டி ஓய்வுபெற்ற தபால்காரர், அக்கார்டியன் வாசிப்பவர். இந்த வட்டாரத்தில் செத்துப்போன ஒவ்வொருவரையும் தனக்குத் தெரியும் என்பதில் அவருக்கு ஒரு பெருமை. தனக்குத் தெரியாமல் ஒருவர் செத்திருக்கலாம் என்பதை அவரால் தாங்க முடியாது.

“பாட்ஸி ரோவா? நல்லாத் தெரியுமே! இடது கால் கொஞ்சம் தாங்கும். சாம்பல் கலர் கழுதை ஒண்ணு வெச்சிருந்தார்,” என்றார்.

அதைக் கேட்டுக்கொண்டிருந்த டீஸி, எண்பது வயதில் இன்னும் உதட்டுச் சாயம் பூசிக்கொண்டு வருகிறவள், ஷெரி ஒயின் கிளாஸைக் கீழே வைத்தாள். “என்னை ஒரு தடவை டான்ஸுக்குக் கூப்பிட்டார். எனக்கு அப்ப வேற ஆள் இருந்தான். மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டுப் போனது இன்னும் கண்ணுல நிக்குது.”

நான் லோர்க்கனைப் பார்த்தேன். லோர்க்கன் தன் குழலைத் துடைத்துக்கொண்டிருந்தான். இப்படியாக வருஷத்துக்கு ஒரு வளர்த்தி வளர்ந்து, ஐந்து வருஷத்தில் பாட்ஸி ரோவுக்கு நொண்டிக் கால், கழுதை, காதல் தோல்வி எல்லாம் வந்துவிட்டது. உயிரோடு இருக்கும் என் தம்பிக்கு அதில் பாதி கூட இல்லை.

இந்த வருஷம் வெள்ளிக்கிழமை எத்னா சீக்கிரமே வந்துவிட்டாள். மற்றவர்கள் வருவதற்குள் என்னோடு சமையலறையில் நின்று ரொட்டி வெட்டினாள். எப்போதும் செய்வதுதான். கொஞ்ச நேரம் வெட்டிவிட்டு, தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்.

“பெர்னி, இதுதான் எனக்குக் கடைசி மே.”

“ஏன், உடம்புக்கு என்ன?”

“உடம்புக்கு ஒண்ணுமில்ல. கடல் தாண்டி பெர்த்துக்குப் போறேன், அங்க இருக்கற மக கூப்பிட்டுக்கிட்டே இருக்கா. வேலையிலிருந்து ஓய்வு வந்தாச்சு. வீட்டை விக்கப் பலகை மாட்டியாச்சு. அடுத்த மாசம் கிளம்பறேன்.”

“ஒரேடியாவா?”

“ஒரேடியாத்தான். இங்க போகாதேன்னு சொல்ல எனக்கு யாரு இருக்கா?”

அப்போதே கத்தியிருக்க வேண்டும் நான். இருக்கான்டி, பின்னால் கொட்டகையில் இருக்கான், ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு நிற்கிறான் என்று. ஆனால் முறை ஒன்று இருக்கிறதே. அவன் விஷயம், அவன்தான் சொல்ல வேண்டும். ரொட்டியை வெட்டிக்கொண்டே இருந்தேன். இருபது பேருக்கு வேண்டியதை விட்டு நாற்பது பேருக்கு வெட்டிவிட்டேன்.

“போறதுக்கு முன்னால ஒரே ஒரு ஆசை,” என்றாள். “பாட்ஸி ரோ கல்லறைல பூ வைக்கணும். ஃபெஸ்டி கண்டுபிடிச்சுட்டாராம். ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் எல்லாரும் போறோம்.”

“கல்லறையைக் கண்டுபிடிச்சுட்டாரா?”

“பழைய கோயிலுக்குப் பின்னால. உனக்குத் தெரியாதா? நான் ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் அவர் பேருக்குப் பூசை வெக்கறேன். சிரிக்காதே பெர்னி.”

நான் சிரிக்கவில்லை. எனக்குச் சிரிப்பு வரும் நிலைமையே இல்லை.

“டெனிஸ் போனப்புறம் வீட்டுக்குள்ள நுழைஞ்சாலே பயமா இருக்கும். அந்த மெட்டுல ரெண்டாவது பாதி ஆரம்பிக்குதில்ல, அங்க யாரோ பக்கத்துல வந்து உட்கார்ந்துக்கிட்டு ஒண்ணுமே பேசாம இருக்கற மாதிரி இருக்கும். எனக்கு அது போதுமா இருந்துச்சு. ஆள் யாருன்னு நான் பார்த்ததில்ல. ஆனா அவருக்கு நான் கடமைப்பட்டவ.”

சனிக்கிழமை காலையில் முதல் வேலையாகக் கொட்டகைக்குப் போனேன். லோர்க்கன் ஒரு கன்றுக்குட்டிக்குப் புட்டியில் பால் புகட்டிக்கொண்டிருந்தான்.

“அவ போறாடா. ஒரேடியா.”

“தெரியும். ஃபெஸ்டி சொன்னார்.”

“தெரிஞ்சுமா இங்க நின்னு கன்னுக்குட்டியைக் கொஞ்சிக்கிட்டு இருக்க?”

“அதுக்குப் பசிக்குமில்ல.”

“லோர்க்கன், நான் சொல்றதைக் கேளு. நேராப் போ. அந்த மெட்டு நான் போட்டது, உங்களுக்காகப் போட்டது, நீங்க போகாதீங்கன்னு சொல்லு. மூணே மூணு விஷயம். மாட்டுக்கு ஊசி போடற டாக்டர்கிட்ட இதைவிட அதிகமாப் பேசறியே!”

அவன் புட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: “அஞ்சு வருஷமாப் பொய் சொல்லியிருக்கேன் பெர்னி. இப்பப் போய் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுச் சொல்ல? அந்தக் கிழவர் மேல நல்ல நினைப்போட போகட்டும். நம்ம பேர்ல கோபத்தோட போறதுக்கு அது தேவல.”

“எந்தக் கிழவர்டா? எந்தக் கிழவர்? நீயும் அவரை நம்ப ஆரம்பிச்சுட்டியா?”

கோபத்தில் பக்கத்திலிருந்த வாளியை ஓங்கி உதைத்தேன். காலி வாளி என்று நினைத்தேன். இரண்டு நாள் நொண்டிக்கொண்டு நடந்தேன், பாட்ஸி ரோ மாதிரி.

சனிக்கிழமை முழுக்க வாசிப்பு நன்றாகத்தான் இருந்தது. நாற்பது பேர் உட்காரும் இடத்தில் தொண்ணூறு பேர். ஜன்னல் விளிம்பில் கூட இரண்டு பேர். லோர்க்கன் மட்டும் ஒவ்வொரு மெட்டுக்கும் அரை மூச்சு பின்னால் வந்தான். எத்னா ஒரு தடவை அவன் பக்கம் திரும்பி, “உடம்பு சரியில்லையா?” என்றாள். “இல்ல, நல்லாருக்கேன். ஜி-யா, டி-யா?” என்றான். இலவு காத்த கிளியாவது கடைசியில் பஞ்சு பறப்பதைப் பார்த்துப் பறந்து போகும். இவன் அதையும் செய்ய மாட்டான்.

ஞாயிறு பூசை முடிந்து, வாத்தியங்களைத் தூக்கிக்கொண்டு ஒரு முப்பது பேர் பழைய கோயிலுக்கு நடந்தோம். அரை மைல். வேலியெல்லாம் வெள்ளைப் பூவாகக் கிடந்தது. ஃபெஸ்டி முன்னால் நடந்தார், கையில் துணி சுற்றிய பலகை. பாட்ஸி ரோவின் பெயரை அவரே செதுக்கி, அவரே வார்னிஷ் அடித்தது. டீஸி புதுத் தொப்பி போட்டிருந்தாள். நான் விந்தி விந்திக் கடைசியில் போனேன். எனக்கு முன்னால் லோர்க்கன், தூக்குமேடைக்கு நடக்கிறவன் போல.

கல்லறைத் தோட்டத்து மூலையில் சாய்ந்து நின்ற ஒரு கல்லைக் காட்டினார் ஃபெஸ்டி. “இங்க பாருங்க, இது ஒரு பி. இங்க, இது ஒரு ஆர்.” நடுவில் இருந்ததெல்லாம் பாசி. அந்த இரண்டு எழுத்தை வைத்துக்கொண்டு எங்கள் வட்டாரத்தில் இருநூறு பேரைப் புதைக்கலாம்.

அப்புறம் பிரசங்கம். அதைக் கேட்டிருக்க வேண்டும் நீங்கள். பாட்ஸி ரோவின் பிறப்பு, வறுமை, கழுதையின் குணம் எல்லாம் வந்தது. “கல்யாணமே பண்ணிக்கல மனுஷன். மனசுல ஒருத்தி இருந்திருக்கா. கடைசிவரைக்கும் அவகிட்ட சொல்லவே இல்ல. இந்த மெட்டைப் போட்டு வெச்சுட்டுப் போய்ச் சேர்ந்தார்,” என்று குரல் தழுதழுக்க முடித்தார். டீஸி கைக்குட்டையை எடுத்தாள். பொய்யிலேயே நடந்து நடந்து ஃபெஸ்டி எப்படி இந்த உண்மைக்கு வந்து சேர்ந்தார் என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

எத்னா ஜாம் புட்டியில் கொண்டுவந்திருந்த நீலப் பூக்களைக் கல்லடியில் வைத்தாள். சிலுவை போட்டுக்கொண்டாள். பிறகு திரும்பினாள்.

“லோர்க்கன், நீங்கதான் அவர்கிட்ட நேரடியாக் கத்துக்கிட்டவர். முதல்ல நீங்க வாசிங்க.”

அவன் குழலை உதட்டில் வைத்தான். சத்தம் வரவில்லை. மறுபடி வைத்தான். அப்புறம் கீழே இறக்கிவிட்டான்.

“இது பாட்ஸி ரோ கல்லறை இல்ல,” என்றான்.

“பின்ன யாரோடது?” என்றார் ஃபெஸ்டி.

“யாரோ பாவம், எனக்குத் தெரியாது. பாட்ஸி ரோன்னு ஒரு ஆளே கிடையாது. வாய்க்கு வந்த பேரு. மெட்டு நான் போட்டது.”

என் நெஞ்சிலிருந்து ஒரு பாறை இறங்கியது. நல்லபடியாகச் சொல்லிவிட்டான், இனி எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். எங்கள் ஜனங்களை நான் சரியாக எடைபோடவில்லை.

“டேய்!” என்றார் ஃபெஸ்டி. முகம் சிவந்துவிட்டது. “செத்தவன் சொத்தைத் திருடறியா? அதுவும் அவன் தலைமாட்டுலயே நின்னுக்கிட்டு?”

“என்னை டான்ஸுக்குக் கூப்பிட்ட மனுஷனை இல்லைங்கறியா?” என்று டீஸி கைத்தடியைத் தூக்கினாள். “அப்ப நான் பொய் சொல்றேனா?”

கார்க் ஆள் தலையைத் திருப்பிக்கொண்டார். பின்னாலிருந்து யாரோ “வெட்கக்கேடு” என்றார்கள். தன் மெட்டைத் தன்னுடையது என்று சொல்வதே எங்களிடம் குற்றம். செத்துப்போன ஏழையின் மெட்டை, நாலு பேர் அதைப் பாராட்டுகிற நாளில், தன்னுடையது என்று சொல்கிறவனுக்கு மன்னிப்பே கிடையாது. எனக்குப் பொறுக்கவில்லை. முன்னால் வந்து, “அவன் சொல்றது சத்தியம்! அவன் போட்டது என் காதால கேட்டேன்!” என்று கத்தினேன்.

“வேலிக்கு ஓணான் சாட்சி,” என்றார் ஃபெஸ்டி.

எத்னா மட்டும் கத்தவில்லை. எல்லாரும் ஓயும் வரை காத்திருந்து, வகுப்பில் கேட்பது போலக் கேட்டாள்.

“எப்பப் போட்டீங்க?”

“நீங்க மூணாவது தடவை வந்துட்டுப் போன மறுநாள். உங்க நாற்காலி காலியா இருந்துச்சு. அதைப் பார்த்துட்டுக் கொட்டகைக்குப் போனேன். அப்ப வந்துச்சு.”

அவள் நம்பிவிட்டாள். முகத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்தது. நம்பியதால்தான் முகம் அப்படி ஆனது.

“அஞ்சு கல்லறைத் திருநாள்,” என்றாள். “சாமியார்கிட்டப் பேர் எழுதிக் குடுத்து, முழங்கால் போட்டு, அழுதிருக்கேன் நான். நான் பேரைக் கேட்டேன். என் மூஞ்சியைப் பார்த்துச் சொன்னீங்க.”

லோர்க்கன் தலையைக் குனிந்துகொண்டான். பூவை எடுத்துக்கொண்டு போய்விடுவாள் என்று நினைத்தேன். எடுக்கவில்லை. “இருக்கட்டும். இங்க இருக்கறவருக்கும் யாரும் கொண்டு வந்திருக்க மாட்டாங்க,” என்று சொல்லிவிட்டுப் பிடில் பெட்டியோடு வாசலுக்கு நடந்தாள்.

பப்புக்குத் திரும்பினோம். கடைசி நாள் மத்தியானம், வழக்கமாகக் கூரை பறக்கும். அன்றைக்கு எழவு வீடு. லோர்க்கன் உள்ளேயே வரவில்லை. ஃபெஸ்டி பலகையைக் கவுன்ட்டரில் சாத்தி வைத்துவிட்டு, கறுப்பு பீரைக் குடித்தபடி, பாட்ஸியோடு தன் மாமா ஒன்றாக வேலை பார்த்த கதையைப் புதிதாக ஒருவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் சமையலறையில் சூப்பைக் கிண்டிக்கொண்டிருந்தேன். எத்னா மாடியிலிருந்து பெட்டியோடு இறங்கி வந்தாள்.

“சாப்பிட்டுட்டுப் போ,” என்றேன்.

“நீயும் தெரிஞ்சுக்கிட்டேதானே பெர்னி எனக்குப் பக்கத்துல நின்னு ரொட்டி வெட்டின?”

“ஆமா.”

“பூசை வெக்கறேன்னு சொன்னப்பவும் வாயைத் திறக்கல.”

“திறக்கல. தப்புத்தான் எத்னா.”

வேறு என்ன சொல்ல முடியும்? முறை, வழக்கம் என்றெல்லாம் எடுத்துச் சொல்லலாம். ஐந்து வருஷம் முழங்கால் போட்டவளிடம் அது எடுபடாது. எனக்கு அவள் முகத்தைப் பார்க்கக் கூசியது. அவள் என் தோளை லேசாகத் தொட்டுவிட்டுப் பின்கதவு வழியாகப் போனாள். அந்தத் தொடலில் கோபம் குறைவு, விடைபெறுவதுதான் அதிகம். அதனால் எனக்கு இன்னும் வேதனையாக இருந்தது.

அவள் கார் கொல்லைப்பக்கம் நின்றது. லோர்க்கன் அதன் கதவை மறைத்துக்கொண்டு நின்றான். பாத்திரம் தேய்க்கும் இடத்து ஜன்னல் திறந்திருந்தது. ஒட்டுக்கேட்டேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், ஒட்டுக்கேட்டேன்.

“வழி விடுங்க,” என்றாள்.

விடவில்லை. வாய் இரண்டு தடவை திறந்து மூடியது.

“லோர்க்கன், எனக்கு ரெண்டு மணி நேரம் ஓட்டணும்.”

“போகாதீங்க,” என்றான்.

“என்ன?”

“பெர்த்துக்கு. போகாதீங்க.”

உள்ளே யாரோ மெதுவாக ஒரு மெட்டை ஆரம்பித்தார்கள். எத்னா பெட்டியைக் கீழே வைத்தாள். அவள் குரலில் இருந்த கத்தியை நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை.

“ஓ. இது யார் சொன்னது? இதுவும் மலைக்கு அந்தப் பக்கம் செத்துப்போன கிழவர் யாராவது சொன்னதா?”

நான் கண்ணை மூடிக்கொண்டேன். மாதாவே, இப்போது மட்டும் இவன் மௌனமாகிவிட்டால், நானே போய் இவனைப் பால் தொட்டியில் அமுக்கிவிடுவேன் என்று வேண்டிக்கொண்டேன்.

“இல்ல,” என்றான் லோர்க்கன். தொப்பியைக் கழற்றினான். “எவன்கிட்டயும் கேட்டுப் பிடிச்சது இல்ல. இது என்னோடது. நான் சொல்றேன். லோர்க்கன் மொலோனி சொல்றேன். போகாதீங்க. நீங்க போனா அந்த நாற்காலிய நான் பார்க்க முடியாது.”

கண்ணைத் திறந்தேன். எத்னா அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். திட்டத்தான் செய்தாள்.

“ஒம்பது வருஷம்! ஒம்பது வருஷம் பக்கத்துலயே உட்கார்ந்துக்கிட்டு! வீட்டை விக்கப் போட்டாச்சு, மகளுக்குச் சொல்லியாச்சு, டிக்கெட் எடுத்தாச்சு, இப்ப வந்து, ரப்பர் பூட்ஸைப் போட்டுக்கிட்டு வந்து... நீயெல்லாம் ஒரு மனுஷனா? உனக்கு வாய் எதுக்கு இருக்கு?”

நான் நாற்பது வருஷமாகக் கேட்ட அதே கேள்வி. ஆனால் கேட்கும்போதே அவள் அழுதுகொண்டிருந்தாள். கார் கதவில் சாவியை நுழைக்கப் பார்த்தாள், கண்ணீரில் துவாரம் அகப்படவில்லை. இரண்டு தடவை பார்த்தாள். பிறகு, “இந்தா, பிடி,” என்று சாவியை அவன் கையில் திணித்தாள்.

லோர்க்கன் அதை வாங்கிச் சட்டைப் பைக்குள் போட்டான். போட்டுவிட்டு, பையின் பித்தானையும் மாட்டினான்.